லாரிக்கு வலு உண்டு. டிரைவருக்கு வசதி உண்டா?

இன்று ஞாயிற்றுக்கிழமை. உங்கள் வீட்டுச் சமையலறையில் கேரட் பொரியல் தயாராகிக் கொண்டிருக்கலாம். உருளைக்கிழங்கு வறுவல் மணக்கலாம். ரசத்தில் மலைப்பூண்டு தட்டிப் போட்டிருக்கலாம்.

அந்தக் கேரட் எங்கே விளைந்தது? கொடைக்கானலுக்கு மேற்கே பூம்பாறையிலோ மன்னவனூரிலோ விளைந்திருக்கலாம். அந்தப் பூண்டும் பழனி மலையில் விளைந்ததாக இருக்கலாம். கொடைக்கானல் மலைப்பூண்டு புவிசார் குறியீடு பெற்ற சரக்கு ஆயிற்றே!

கேரட்டுக்குக் கால் கிடையாது. அது தானாக மலை இறங்கி வராது. ஒரு லாரி அதைச் சுமந்து வந்தது. அந்த லாரியை ஒரு மனிதர் ஓட்டி வந்தார்.

லாரியைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். "அந்தக் காலத்து லாரி இரும்பு யானை. இந்தக் காலத்து லாரி தகர டப்பா" என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். அது உண்மைதானா? பழைய லாரி வலுவானதா? வசதியானதா? வலு வேறு, வசதி வேறா?

இந்தக் கேள்விகளை இன்று கொஞ்சம் ஆராய்வோம். பதில் நம் வீட்டுச் சமையலறை வரை வந்து நிற்கும்.

டோலி ஏறிய மலை

கொடைக்கானல் சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் அங்கே போக வண்டிப் பாதை கிடையாது.

1875ஆம் ஆண்டு வாக்கில் தெற்கே ரயில் வந்தது. அம்மையநாயக்கனூரில் ஸ்டேஷன் வந்தது. அதைத்தான் இன்று கொடைக்கானல் ரோடு என்கிறோம். அங்கே இறங்கியவர்கள் மாட்டு வண்டியில் மலை அடிவாரம் போனார்கள். பிறகு நடையாகவோ, குதிரையிலோ, டோலியிலோ மேலே ஏறினார்கள். டோலி தூக்கிய கூலியாட்களின் தோள்தான் அந்தக் காலத்து மோட்டார். சரக்கும் மனிதர் தலையிலும் மாட்டின் முதுகிலும்தான் ஏறியது.

வத்தலக்குண்டு வழியாக ஏறும் மலைப் பாதைக்கு "லா காட் ரோடு" என்று பெயர். மேஜர் லா என்ற அதிகாரி திட்டமிட்ட பாதை அது. திட்டமிட்டுப் பல ஆண்டுகள் கழித்து, 1914க்குப் பிறகு முதல் உலகப் போர்க் காலத்தில்தான் மோட்டார் வண்டிகள் அதில் ஏறத் தொடங்கின.

அன்றிலிருந்து கூலியாட்களின் தோள்பட்டை வலி குறைந்தது. ஆனால் வலி அடியோடு ஒழிந்து போகவில்லை. அது லாரி டிரைவரின் தோளுக்கு இடம் மாறியது!

பட்டாளத்து லாரிகள்

இரண்டாம் உலகப் போர் 1945ல் முடிந்தது. பட்டாளத்துக்கு வேண்டாத லாரிகள் ஏலத்துக்கு வந்தன. அமெரிக்க லாரிகள் பல நம் ஊர் ரோடுகளில் ஓடத் தொடங்கின. அவை போர்க்களத்துக்காகச் செய்தவை. சேற்றிலும் மேட்டிலும் ஏறும். அவற்றுள் பலவற்றில் ஸ்டீயரிங் இடது பக்கம் இருக்கும். எதிரே வரும் வண்டியைப் பார்க்க, பக்கத்தில் இருக்கும் கிளீனரின் கண்ணைத்தான் டிரைவர் நம்ப வேண்டும்!

பிறகு பம்பாயில் பிரிமியர் கம்பெனி டாட்ஜ், பார்கோ லாரிகளைத் தயாரித்தது. வங்காளத்தில் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் பெட்போர்டு லாரிகளைத் தயாரித்தது. முதலில் வந்தவற்றுள் பல பெட்ரோல் லாரிகள். பெட்ரோல் செலவு கட்டுப்படி ஆகவில்லை. பலர் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி விட்டு, பெர்கின்ஸ் டீசல் எஞ்சினைப் பொருத்திக் கொண்டார்கள். அந்த எஞ்சின் சென்னை செம்பியத்தில் சிம்சன் கம்பெனியிலேயே தயாராயிற்று.

ஒரு கம்பெனியின் லாரி. வேறொரு கம்பெனியின் எஞ்சின். உள்ளூர் ஆசாரி கட்டிய கூடு. இப்படி ஒரு கதம்பமாகத்தான் பழைய லாரி ஓடியது. எங்கே பழுதானாலும் ரோட்டோரப் பட்டறையில் சரி செய்யலாம் என்பதே அதன் பெரிய சிறப்பு.

எண்ணூரும் ஜாம்ஷெட்பூரும்

சென்னைக்கு வடக்கே எண்ணூரில் 1948ல் அசோக் மோட்டார்ஸ் கம்பெனி தொடங்கியது. முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிக் கொடுத்தது. 1951ல் இங்கிலாந்தின் லேலண்ட் காமெட் வண்டிகளைப் பூட்டத் தொடங்கியது. முதலில் வெளிவந்த நான்கு வண்டிகள் மங்களூரில் ஓர் ஓட்டுத் தொழிற்சாலைக்குப் போயின. 1955ல் கம்பெனியின் பெயர் அசோக் லேலண்ட் ஆயிற்று.

வடக்கே ஜாம்ஷெட்பூரில் டாடாவின் டெல்கோ கம்பெனி முதலில் ரயில் எஞ்சின்கள் செய்து கொண்டிருந்தது. 1954ல் ஜெர்மனியின் டெய்ம்லர் பென்ஸ் கம்பெனியுடன் சேர்ந்து லாரி செய்யத் தொடங்கியது. முன்புறத்தில் மூன்று முனை நட்சத்திரச் சின்னத்தோடு வந்தது டாடா மெர்சிடிஸ் பென்ஸ் லாரி. 15 ஆண்டு ஒப்பந்தம் 1969ல் முடிந்தது. நட்சத்திரம் போயிற்று. ஆனால் டிரைவர்களின் வாயிலிருந்து "பென்ஸ் லாரி" என்ற பேச்சு அத்தனை சீக்கிரம் போகவில்லை.

டீக்கடை பெஞ்சில் இந்த இரண்டு வண்டிகளுக்கும் நடந்த வழக்கு கொஞ்சநஞ்சமல்ல. "இழுவைக்கு லேலண்ட்" என்பார் ஒருவர். "ஓட்டத்துக்குப் பென்ஸ்" என்பார் இன்னொருவர். இரண்டு கட்சிக்கும் ஆள் உண்டு. வழக்கு இன்னும் தீரவில்லை!

எது வலுவானது?

பழைய லாரி ஏன் வலுவானது என்று பேர் எடுத்தது?

முதல் காரணம், அதன் அடிச் சட்டம். நீளமான இரண்டு எஃகுச் சட்டங்கள். அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள். அதிகச் சுமை ஏற்றுவார்கள் என்று தெரிந்தே கனமாகச் செய்தார்கள்.

இரண்டாவது காரணம், அதன் பட்டைகள். சக்கரத்துக்கு மேலே அடுக்கடுக்காக இருக்கும் எஃகு வில் பட்டைகள்தாம் சுமையைத் தாங்குகின்றன. ஒரு பட்டை முறிந்தால், அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம்.

மூன்றாவது காரணம், எளிமை. அந்த எஞ்சினில் கம்ப்யூட்டர் இல்லை. ஸ்பானரும் சுத்தியலும் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. மலை ஏற ஏறக் காற்று அடர்த்தி குறையும். கொடைக்கானல் உயரத்தில், சமவெளியில் இருப்பதை விட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு காற்று குறைவு. காற்று குறைந்தால் பழைய எஞ்சினின் சக்தியும் அந்த அளவுக்குக் குறையும். தண்ணீரும் அங்கே 93 டிகிரியிலேயே கொதித்து விடும். அதனால்தான் பழைய லாரிகள் வழியில் நின்று பெருமூச்சு விட்டன. கிளீனர் தகர டப்பாவுடன் ஓடைக்கு ஓடினார்.

இன்றைய எஞ்சின்களில் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இருக்கிறது. அவை மலையில் அவ்வளவாகத் திணறுவதில்லை. பிரேக்கும் அப்படியே. பழைய பிரேக் இறக்கத்தில் சூடேறினால் பிடிப்பு குறையும். "எந்தக் கியரில் ஏறினாயோ, அந்தக் கியரிலேயே இறங்கு" என்று பழைய டிரைவர்கள் சொல்லிக் கொடுத்தது அதனால்தான். அந்தப் பாடம் இன்றைய கார்க்காரர்களுக்கும் பொருந்தும்.

ஆகவே பழைய லாரி வலுவானது என்பது உண்மை. சுமையைத் தாங்குவதில் வலுவானது. டிரைவரைக் காப்பதில் எப்படி?

மூக்கு லாரியும் தட்டை லாரியும்

லாரிகளில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, முன்னால் மூக்கு நீட்டிய லாரி. எஞ்சின் அந்த மூக்குக்குள் இருக்கும். இன்னொன்று, முகம் தட்டையான லாரி. எஞ்சின் டிரைவரின் பக்கத்திலோ காலடியிலோ இருக்கும்.

மூக்கு லாரியில் சூடும் சத்தமும் பெரும்பாலும் வெளியே போய் விடும். டிரைவர் முன் சக்கரத்துக்குப் பின்னால் உட்காருவதால் குலுக்கலும் குறைவு. ஆனால் கொண்டை ஊசி வளைவில் மூக்கு பாதையை மறைக்கும். வண்டியும் நீளும்.

தட்டை லாரியில் பாதை நன்றாகத் தெரியும். வளைவில் திருப்புவது எளிது. சரக்கு ஏற்றவும் இடம் அதிகம். ஆனால் டிரைவர் முன் சக்கரத்தின் மேலேயே உட்காருகிறார். ஒவ்வொரு பள்ளமும் அவர் முதுகெலும்பைத் தட்டிப் பார்க்கும். எஞ்சின் மூடியின் சூடு காலைச் சுடும். மலை மேலே டிசம்பர் குளிரில் அந்தச் சூடு கம்பளி போல் இதமாக இருக்கும். மே மாதம் திண்டுக்கல் வெயிலில் அதுவே அடுப்பு!

அமெரிக்காவில் இதே கதை வேறு விதமாக நடந்தது. அங்கே முன்பு லாரியின் மொத்த நீளத்துக்கும் கட்டுப்பாடு இருந்தது. அதனால் முகம் தட்டையான லாரிகள் பெருகின. 1982ல் வந்த சட்டம், தேசிய நெடுஞ்சாலைகளில் பின்னால் இழுக்கும் டிரெய்லரின் நீளத்தை மட்டும் கணக்கில் எடுத்தது. உடனே நீண்ட மூக்கு லாரிகள் மறுபடியும் பெருகின. டிரைவர் படுத்து உறங்கக் கட்டிலும் பீரோவும் உள்ள கூடுகள் சகஜமாயின.

கொடைக்கானல் பாதையில் அந்த ராட்சத லாரிகளுக்கு இடம் இல்லை. 12 மீட்டருக்கு மேல் நீளமான வண்டிகளுக்கு 2024 நவம்பரில் தடை வந்தது. இங்கே வண்டியின் நீளத்தைக் கொண்டை ஊசி வளைவு தீர்மானிக்கிறது. ஆகவே குட்டையான லாரிகள்தாம் மலை ஏறுகின்றன. அவற்றில் வயதானவையும் உண்டு.

கூடு கட்டியது யார்?

இங்கே ஒரு முக்கியமான செய்தி. பழைய நாளில் கம்பெனியிலிருந்து முழு லாரி வெளிவராது. அடிச் சட்டம், எஞ்சின், சக்கரம், ஸ்டீயரிங், முன் முகப்பு ஆகியவை மட்டுமே வரும். அதை ஓட்டி வரும் டிரைவர், வெயிலில் கண்ணாடியும் கூரையும் இல்லாமல் வருவார்.

பிறகுதான் பாடி கட்டும் பட்டறைக்குப் போகும். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வட்டாரம் லாரித் தொழிலுக்குப் பேர் போனது. நாமக்கல் பட்டறைகளைத் தேடி வெளி மாநிலத்தாரும் வருகிறார்கள். மரச் சட்டம், தகரம், வண்ணச் சித்திரம் என்று கைத்திறனைக் காட்டுவார்கள். சாமி படத்துக்கு ஒரு மாடம் இருக்கும். எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்ட ஒரு கொக்கி இருக்கும்.

அந்தத் தொழிலாளர்களின் திறமையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பணம் கொடுப்பவர் யார்? முதலாளி. அவர் எதைக் கேட்பார்? அதிகச் சரக்குப் பிடிக்கும் பாடியைக் கேட்பார். கடைசியில் மிஞ்சிய காசில்தான் டிரைவரின் இருக்கை. ஒரு பலகை, அதன் மேல் தேங்காய் நார் மெத்தை, அதன் மேல் ஒரு ரெக்சின் உறை. முதுகுக்கு நேரான பலகை. முன்னே பின்னே நகர்த்த முடியாது. குட்டையானவரும் நெட்டையானவரும் அதே இருக்கையில்தான் உட்கார வேண்டும்.

இருக்கை மட்டுமல்ல, கூடும் அப்படித்தான். மோதினால் மரமும் தகரமும் எவ்வளவு தாங்கும்? சுவீடன் நாட்டில் 1960களிலேயே லாரிக் கூட்டின் வலுவைச் சோதித்தார்கள். கனமான எடையை ஊசல் போல் ஆட்டி மோத விட்டுப் பார்த்தார்கள். அந்த நாளில் நாம் அடிச் சட்டத்தின் வலுவைப் பற்றித்தான் பேசிக் கொண்டிருந்தோம்.

அடிச் சட்டம் யானை. கூடு தீப்பெட்டி. இதுதான் பழைய லாரியின் உண்மையான கணக்கு!

காட் ரோட்டில் ஒரு பேச்சு

வத்தலக்குண்டுக்கு அப்பால், மலைப் பாதை பிரியும் இடத்தில் ஓர் அதிகாலையில் லாரிகள் நின்று கொண்டிருந்தன. அரிசி மூட்டையும் சிமெண்டும் மேலே போகின்றன. கேரட்டும் முட்டைக்கோசும் கீழே வருகின்றன.

டீ குடித்துக் கொண்டிருந்த ஒரு டிரைவரிடம் பேச்சுக் கொடுத்தேன். அவருக்கு வயது 60 இருக்கும். 14 வயதில் கிளீனராக வேலைக்குச் சேர்ந்தவர்.

"அந்தக் காலத்து லாரி நல்லதா, இந்தக் காலத்து லாரி நல்லதா, ஐயா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார்.

"பழைய லாரிக்கு நோயே வராது, தம்பி. ஓட்டுகிறவனுக்குத்தான் வரும்" என்றார்.

தோளைத் தொட்டுக் காட்டினார்.

"அப்போது பவர் ஸ்டீயரிங் ஏது? கொண்டை ஊசியில் வண்டியைத் திருப்ப எழுந்து நிற்கிற மாதிரி ஆகி விடும். கியர் மாற்றும்போது கிளச்சை இரண்டு தடவை மிதிக்க வேண்டும். இல்லாவிட்டால் கியர் கத்தும். மேலே போய்ச் சேரும்போது கையும் காலும் என்னுடையதாகவே இருக்காது."

"கிளீனர் வேலை எப்படி இருந்தது?"

"கையில் முட்டுக் கட்டையோடு தொங்கிக் கொண்டே வருவேன். ஏற்றத்தில் வண்டி நின்றால் குதித்து ஓடிப் பின் சக்கரத்துக்குக் கட்டை போட வேண்டும். ஒரு நொடி பிந்தினால் வண்டி பின்னால் போகும். அந்தக் கட்டைதான் எனக்குக் குலதெய்வம்!"

அவர் இப்போது ஓட்டும் லாரியின் படியில் ஏறிப் பார்த்தேன். அதற்கு 20 வயதுக்கு மேல் ஆகிறது. வெளியே புதுப் பெயின்ட் பளபளத்தது. உள்ளே இருக்கையின் உறை கிழிந்து நார் தெரிந்தது. அதன் மேல் அவர் வீட்டிலிருந்து கொண்டு வந்த பழைய போர்வை மடித்துப் போட்டிருந்தது.

"இது என் சம்சாரம் கொடுத்த மெத்தை" என்றார்.

பக்கத்தில் நின்ற கிளீனர் பையன், "அண்ணே, நேரமாச்சு" என்று கூப்பிட்டான். அவர் தம்ளரை வைத்து விட்டு ஏறினார். முந்தின நாள் பகலெல்லாம் சமவெளி வெயிலில் ஓட்டி வந்தவர், சற்று நேரம் மட்டுமே கண் அயர்ந்து விட்டு மலை ஏறினார்.

வசதி ஆடம்பரமா?

லாரி டிரைவருக்கு நல்ல இருக்கை ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது தவறு.

சுமை இல்லாத லாரியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அதன் பட்டைகள் முழுச் சுமையைத் தாங்குவதற்காகக் கடினமாகச் செய்யப்பட்டவை. சுமை இல்லாதபோது அவை வளைந்து கொடுக்காது. வண்டி துள்ளும். பழைய லாரியில் கூடும் சட்டத்தோடு இறுகப் பூட்டியிருக்கும். சட்டத்தின் அதிர்ச்சி அப்படியே டிரைவரின் முதுகுக்குப் போகும். ஆண்டுக் கணக்கில் இப்படிக் குலுங்கினால் இடுப்பு வலி வரும் என்பது மருத்துவர்கள் கண்ட உண்மை.

வலியோடு இருப்பவருக்குத் தூக்கம் சரியாக வராது. தூக்கம் இல்லாதவருக்குக் கவனம் தவறும். சூடும் கவனத்தைக் கெடுக்கும். சமவெளி நெடுஞ்சாலையில் கவனம் தவறினால் தப்பிக்க ஓரமாவது உண்டு. டம்டம் பாறைப் பக்கம் கவனம் தவறினால் ஓரம் எங்கே? ஒரு பக்கம் பாறை. மறு பக்கம் பாதாளம்.

அந்தப் பாதையில் லாரி மட்டுமா போகிறது? நீங்களும் நானும் குழந்தைகளோடு பஸ்ஸில் போகிறோம். வெள்ளி அருவியைப் பார்க்கக் காரில் போகிறோம். எதிரே வரும் லாரியின் டிரைவர் நன்றாகத் தூங்கி எழுந்தவராக இருக்க வேண்டும் என்பது நம் உயிர்ப் பிரச்சினை.

டிரைவரின் வசதி, ரோட்டின் பாதுகாப்பு. இரண்டும் ஒன்றே.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டம் இல்லாமல் இல்லை. 1961ஆம் ஆண்டிலேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்தது. நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை என்று அது பொதுவாக வரையறுத்தது. 5 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல், நடுவே அரை மணி நேரமாவது ஓய்வு கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது. ஆனால் ஐந்து ஆட்கள்கூட இல்லாத சிறிய லாரி முதலாளிகளை அந்தச் சட்டம் நேராகக் கட்டுப்படுத்தவில்லை. நம் நாட்டில் ஒரு லாரி, இரண்டு லாரி வைத்திருப்பவர்களே ஏராளம்!

இன்னொரு நல்ல செய்தியும் உண்டு. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் புது லாரிகளில், மொத்த எடை 3.5 டன்னுக்கு மேற்பட்டவற்றில், டிரைவரின் கூட்டுக்குக் குளிர்சாதனம் கட்டாயம். மத்திய அரசாங்கம் 2023 டிசம்பரில் இந்த உத்தரவை வெளியிட்டது. பாராட்ட வேண்டிய காரியம்.

ஆனால் அது புது லாரிக்கு மட்டுமே. அதற்கு முன் தயாரான லட்சக்கணக்கான லாரிகள் அப்படியே ஓடும். பழனி மலையில் ஏறி இறங்கும் பழைய லாரிகளும் அவற்றில் அடக்கம்.

"குளு குளு என்று இருந்தால் டிரைவர் தூங்கி விடுவார்" என்று ஒரு பேச்சு இருக்கிறது. நம் ஆபீஸ்களில் மின்விசிறி வந்தபோது யாரும் வேலையை விட்டுத் தூங்கி விடவில்லை. நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார வைத்தால் விழிப்பு வரும் என்பது என்ன நியாயம்? மனிதரைத் தூங்க வைப்பது குளிர்ச்சியா? இல்லை. களைப்பு.

முதலாளியின் கஷ்டம்

இங்கே லாரி முதலாளியின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒரு லாரி வைத்திருப்பவர் பலர் முன்னாள் டிரைவர்களே. வண்டிக்குக் கடன் தவணை கட்டுகிறார். டீசல், டயர், இன்சூரன்ஸ், சுங்கக் கட்டணம் என்று செலவு வரிசையாக நிற்கிறது. புது லாரி வாங்கு என்று அவரிடம் சொல்வது சுலபம். பணம் யார் தருவது?

அதனால் புது லாரி வாங்கச் சொல்லவில்லை. பழைய லாரியிலேயே செய்யக் கூடியவை இருக்கின்றன.

லாரிக்கு 8 வயது ஆகி விட்டால் ஆண்டுதோறும் தகுதிச் சான்று வாங்க வேண்டும். "எப்.சி." என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். எப்.சி.க்குப் போகும் முன் லாரிக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். விளக்கு மாற்றுகிறார்கள். பாடியில் ஆணி அடிக்கிறார்கள். அதே வேளையில் டிரைவரின் இருக்கையையும் மாற்றி விட்டால் என்ன?

முன்னே பின்னே நகரும் இருக்கை ஒன்று. முதுகைத் தாங்கும் சாய்மானம் ஒன்று. ஒழுங்காக வேலை செய்யும் சீட் பெல்ட் ஒன்று. எஞ்சின் மூடிக்கு அடியில் சூடு தடுக்கும் கனமான விரிப்பு ஒன்று. ஒரு சின்ன மின்விசிறி. காற்று வரக் கூரையில் ஒரு திறப்பு. லாரியின் ஒரு ஜோடி டயர் விலையோடு ஒப்பிட்டால் இவை பெரிய செலவு ஆகாது.

யார் என்ன செய்யலாம்?

அரசாங்கம் செய்ய வேண்டியது ஒன்று. எப்.சி. பார்க்கும் அதிகாரிகள் பிரேக்கையும் விளக்கையும் பார்ப்பது போல டிரைவரின் இருக்கையையும் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். நார் தெரியும் இருக்கைக்குச் சான்று கொடுக்கக் கூடாது.

உள்ளாட்சிகள் செய்ய வேண்டியது ஒன்று. மலை ஏறும் முன் வத்தலக்குண்டுப் பக்கமும், பழனிப் பக்கமும் லாரி டிரைவர்கள் படுத்து எழும்ப ஓர் ஓய்விடம் வேண்டும். நிழல், குடிதண்ணீர், குளிக்க இடம், கக்கூஸ், கொசு கடிக்காத நான்கு சுவர். பெரிய மாளிகை வேண்டாம். சுற்றுலாப் பயணிக்கு இத்தனை வசதி செய்யும் மலைக்கு, தனக்குச் சோறு சுமந்து வரும் மனிதருக்கு ஒரு பாய் போட இடம் கொடுக்க முடியாதா?

பட்டறைத் தொழிலாளர்கள் செய்யக் கூடியது ஒன்று. பாடி கட்ட வரும் முதலாளியிடம், "அண்ணே, சரக்கு ஏற்றுகிற இடத்தை அளந்து விட்டோம். டிரைவர் உட்காருகிற இடத்தையும் அளந்து விடுவோமா?" என்று ஒரு வார்த்தை கேட்கலாம்.

வியாபாரிகள் செய்யக் கூடியது ஒன்று. "விடிவதற்குள் மார்க்கெட்டில் இருக்க வேண்டும்" என்று ஒட்டன்சத்திரத்திலிருந்து போன் போடுபவர், டிரைவர் எப்போது தூங்கி எழுந்தார் என்றும் ஒரு வார்த்தை கேட்கலாம்.

நாம் செய்யக் கூடியதும் ஒன்று உண்டு. மலைப் பாதையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழி விட வேண்டும் என்பது விதி. சுமையோடு ஏறும் லாரி நின்று விட்டால் மறுபடி கிளம்புவது பெரும் பாடு. காரில் இறங்கும் நாம் ஒரு நிமிஷம் ஒதுங்கி நின்றால், அந்த டிரைவரின் தோளுக்கு ஒரு நிமிஷ வலி குறையும்.

கடைசியாக...

பழைய லாரிகளை நாம் மதிக்கிறோம். அவை நாட்டைக் கட்டிய லாரிகள். எண்ணூரில் பூட்டிய காமெட்டும், ஜாம்ஷெட்பூரில் செய்த பென்ஸும் இந்த மலைக்கு அரிசியும் சிமெண்டும் சுமந்தன. அவற்றின் வலுவைப் புகழ்வதில் தவறில்லை.

ஆனால் அந்த வலுவில் பாதி, ஓட்டியவருடைய வலு. பவர் ஸ்டீயரிங் இல்லாத குறையை அவர் தோள் ஈடு கட்டியது. நல்ல இருக்கை இல்லாத குறையை அவர் முதுகு ஈடு கட்டியது. பிரேக்கின் குறையைக் கிளீனர் பையனின் முட்டுக் கட்டை ஈடு கட்டியது. லாரியைப் புகழ்ந்த நாம் அந்தத் தோளையும் முதுகையும் மறந்து விட்டோம்.

காட் ரோட்டில் பார்த்த அந்தப் பெரியவர் இந்நேரம் எங்கேயோ ஒரு வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பிக் கொண்டிருப்பார். அவர் மனைவி மடித்துக் கொடுத்த போர்வை அவருக்குக் கீழே இருக்கும்.

மனைவி தன் கடமையைச் செய்து விட்டார். மற்றவர்கள் எப்போது செய்யப் போகிறோம்?